வாய்க்காலுக்கு அக்கரையில் தங்கத்தாய்

செய்தி வந்தபோது நான் தேனியில், அல்லிநகரத்தில் மகன் வீட்டில் இருந்தேன். காலைக் காப்பி கையில் இருந்தது. தங்கத்தாயின் மகள் கவிதாதான் போனில் கூப்பிட்டாள். "அத்தை, அம்மா போயிருச்சு" என்றாள். நான் ஐயோ என்று சொல்லவில்லை. எப்போது, எப்படி என்றும் கேட்கவில்லை. என் வாயில் முதலில் வந்தது, "வாய்க்கால்ல தண்ணி எம்புட்டுக் கெடக்கு?" என்பதுதான்.

பக்கத்தில் நின்ற என் மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் திருப்பூர்க்காரி, அவளுக்கு என்ன தெரியும். கவிதாவுக்குத் தெரியும். அழுகையை விழுங்கிக்கொண்டு, "கழுத்துக்குக் கெடக்கு அத்தை. போன வாரந்தான் தொறந்துவிட்டாக" என்றாள். ஆனி பிறந்த பிறகு எங்கள் தெருக்களில் யார் வீட்டில் கேதம் விழுந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். செத்தவர் யார் என்பதுகூட அப்புறம்தான்.

எந்த ஊர் என்று நான் எழுதப்போவதில்லை. கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் போகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தாயை அறிந்தவர்களுக்கு ஊர் தெரியும். அறியாதவர்களுக்காக எழுதினால் நாளைக்கே ஓர் அதிகாரி வேட்டியை மடித்துக்கொண்டு கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அதெல்லாம் கண் பூத்துப் போகிற அளவுக்குப் பார்த்தாயிற்று. கட்சிகளின் பெயரையும் எழுதவில்லை. அவளுக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி. இரண்டும் மாறி மாறி நம்மை ஆண்டவை. அது போதும்.

எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு மயானம் வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிறது. கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், இறங்கி ஏறிப் போய்விடலாம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், இரண்டாம் போகம் முடிகிற வரைக்கும் பிணம் தண்ணீரில் இறங்கித்தான் போகவேண்டும். சுற்றிப் போனால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சுற்றுவழி முழுக்கத் திராட்சைத் தோட்டம். பந்தல் ஆள் உயரத்துக்குத்தான் இருக்கும். குனிந்து கொத்து நறுக்குகிறவர்கள் போகலாம், தோளில் பாடை தூக்கியவர்கள் போக முடியாது. நாங்கள் கேட்டது அணையல்ல, நாலுவழிச் சாலையல்ல. ஒரு பாடையும் தூக்குகிற ஆட்களும் போகிற அகலத்துக்கு ஒரு பாலம்.

தங்கத்தாய் எனக்கு மதினி. ரத்த உறவு இல்லை. ஒரே தெருவில் வாக்கப்பட்டு வந்த இரண்டு பேர் வேறு எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது? அவள் அவளுடைய கட்சியில் மகளிரணி, நான் என் கட்சியில் மகளிரணி. தேர்தல் வந்தால் தெருவுக்கு இந்தக் கோடியில் அவள் மைக், அந்தக் கோடியில் என் மைக். "ஏ மல்லிகா மதினி, உங்க ஆளு பேசுறத நேத்துக் கேட்டேன். எங்க வீட்டு ஆடு மெரண்டு கயித்த அத்துக்கிட்டுப் போயிருச்சு" என்பாள். "உங்க ஆளு பேசுனா ஆடு தூங்கிரும் மதினி, கட்டவே வேணாம்" என்பேன். நான் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். அவள் கட்சிக் கரை போட்ட சேலைக்கு ரவிக்கை தைக்கவும் என்னிடம்தான் வருவாள். "எதிர்க்கட்சிக்காரி கை. அக்குள்ல பிடிக்கிற மாதிரி தைச்சுப் பழிவாங்கிராத ஆத்தா" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சத்தம் இனி கேட்காது என்பது எனக்கு இன்னும் முழுசாக உறைக்கவில்லை.

சத்தம் என்றேன். அவள் குரலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தோட்டத்தில் நாற்று நட்டாலும் கொத்து நறுக்கினாலும் அவள் எல்லோரையும்போல ஒரு வேலைக்காரிதான். கேத வீட்டில் வந்து உட்கார்ந்தால் வேறு ஆள். பெண்கள் வட்டமாக ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை சாய்த்து உட்காருவோம். அவள் முதல் அடியை எடுப்பாள். இறந்தவரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவனும் மூலையில் நின்று கண்ணைத் துடைப்பான். "அழுகிறதுக்கும் ஒரு மொறை இருக்கு மதினி. மொதல்ல செத்தவுகள ஒசத்தணும். அப்புறந்தான் நம்ம கொறையச் சொல்லணும். மாத்திச் சொன்னா அது சண்ட" என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவள் புருசன் ஆடி மாதத்தில் இறந்தான். மஞ்சள்காமாலை. வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஆண்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பாடையைத் தலைமேல் ஏந்தி இறங்கினார்கள். நடுவில் ஒருவனுக்குக் காலடியில் சேறு வழுக்கிவிட்டது. பாடை சாய்ந்தது. கவிதா அப்போது சின்னப் பிள்ளை, அப்பன் பின்னாலேயே கரைக்கு ஓடிவிட்டாள், பிடிக்கப் போன என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அன்று பார்த்ததை நான் முழுசாக எழுதப்போவதில்லை. கீழே ஷட்டர் கம்பியில் தட்டி நின்ற அவள் அப்பனை எடுத்து வந்து, மறுபடி மாலை போட்டுப் புதைத்தார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். பிள்ளையின் கண்ணைப் பொத்தத்தான் பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

மதினி அன்று அழவில்லை. மறுநாள் விடியற்காலையில், தலைகூடக் காயாமல், அவள் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவரை நாங்கள் எல்லோரும் ஒன்றியம் என்றே சொல்வோம், பெயர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அண்ணே, ஒரு பாலம் வேணும்" என்றாளாம். "அதான் எஸ்டிமேட் போட்டாச்சேம்மா, நீ கவலப்படாம போ" என்றாராம். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "எஸ்டிமேட்டே போட்டுட்டாகளாம் மதினி. சொல்லாமச் செய்யிற கட்சி எங்க கட்சி" என்றாள். தாலி அறுத்த வீட்டில் நின்று அதைச் சொன்னாள். கட்சியை அவள் அப்படி நம்பினாள். நான் மட்டும் என்னவாம், என் கட்சியை நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதன் பிறகு எந்தத் தலைவர் இந்தப் பக்கம் வந்தாலும் மதினி கூட்டத்தை முட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவாள். எல்லோரும் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. தலையை ஆட்டிக் கேட்டார்கள். அவள் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு தேர்தலுக்கு முன்னால் அவள் கட்சிக்காரர்கள் வந்து பூசை போட்டு, கரையில் ஓர் அடிக்கல் நட்டார்கள். மதினி அன்று தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள், எதிர்க்கட்சிக்காரி எனக்கு மட்டும் பெரிய டம்ளர். அடுத்து என் கட்சி ஆட்சிக்கு வந்தது. எங்கள் ஆட்கள் அந்தக் கல்லைச் செல்லாது என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு கல் நட்டார்கள். இரண்டிலும் இப்போது ஆடு முதுகைச் சொறிகிறது. "அந்த ரெண்டு கல்லையும் குறுக்கால படுக்கப் போட்டிருந்தாலே பாதிப் பாலம் ஆயிருக்கும்" என்று மதினி சொன்னாள். அப்போதெல்லாம் அவளுக்கு இதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

என் கட்சி ஜெயித்த அந்தச் சமயத்தில் நான் தலைகால் புரியாமல் இருந்தேன். "வா மதினி, இப்ப நம்ம ஆளு. நான் சொன்னா நடக்கும்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஆள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழுசாகக் கேட்டார். பிறகு மதினியைப் பார்த்து, "உங்க கட்சி ஆட்சியில இருந்தப்பவே இதச் செஞ்சிருக்கணும்ல? அப்பத் தூங்கிட்டு இப்ப எங்ககிட்ட வர்றீக" என்றார். மதினி என்னைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. திரும்பி வருகையில் பஸ்ஸில், "பொணத்துக்குமா மதினி கட்சி பாப்பாக?" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கு வரை ஆறவில்லை.

போன தேர்தலுக்கு முந்தைய தேர்தலில்தான் அது நடந்தது. தங்கத்தாயை அறிந்த உங்களில் பாதிப் பேர் அன்று தெருவில் இருந்தீர்கள். அவள் கட்சி வேட்பாளர் திறந்த ஜீப்பில் வருகிறார், மகளிரணி ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும் என்று ஒன்றியம் உத்தரவு போட்டிருந்தார். முந்தின நாள் மதினி என் வீட்டுக்கு வந்தாள். "நாளைக்கு உன் ஆளுகளையும் கூட்டிக்கிட்டு வா மதினி. ஆரத்தி எடுக்கப் போறதில்ல. கேதம் கேக்கப் போறோம்" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கேதத் தெருவுக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் வண்டியில் போகமாட்டார்கள். இறங்கியாக வேண்டும், தோள்துண்டை எடுத்தாக வேண்டும், நின்று கேட்டாக வேண்டும். கட்சிக்காரனுக்கும் அதுதான், கலெக்டருக்கும் அதுதான்.

ஜீப் முக்கில் திரும்பும்போது நாங்கள் நடுத்தெருவில் வட்டமாக உட்கார்ந்துவிட்டோம். இரண்டு கட்சிப் பெண்களும் தோளோடு தோள். கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் இறங்கினார், வேறு வழியில்லை. "யாரும்மா செத்தது?" என்று பதறிக் கேட்டார். "இன்னும் யாரும் சாகலய்யா. செத்தா எந்த வழியாப் போறதுன்னு தெரியல, அதான் முன்கூட்டியே அழுகுறோம்" என்றாள் மதினி. சொல்லிவிட்டு எடுத்தாள் பாருங்கள் அந்தக் குரலை.

"பொன்னான மேனியரே, பூமியாண்ட ராசாவே,
எங்களத் தவிக்கவிட்டு எங்கனதான் போனீகளோ!"

முறைப்படி முதலில் உயர்த்தினாள். நீளமாகவே உயர்த்தினாள். பிறகுதான் குறைக்கு வந்தாள்.

"பாலந் தாரேன்னு பல்லக்குல வந்தீகளே,
பாட போக வழியில்லாமப் பாதியில நிக்கிறமே!"

வேட்பாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல வெயில். "ஜெயிச்சு வந்தா மொத வேல இதுதாம்மா" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். நாங்கள் எழுந்து வழிவிட்டோம். என் கட்சி வேட்பாளருக்கு விஷயம் எட்டியிருக்கவேண்டும், அவர் எங்கள் தெருவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் மதினியும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். எதையோ ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "ஏக்கா, உன்னைய வாட்ஸ்அப்ல பாத்தேன். கட்சி மாறிட்டியா? அவுக தலைவர நெனச்சு இந்த அழுகை அழுகுறியே!" என்றாள். வீடியோவை வாங்கிப் பார்த்தேன். நாங்கள் அழுகிறோம், மதினி பாடுகிறாள். 'பொன்னான மேனியரே, பூமியாண்ட ராசாவே' வரைக்கும் இருக்கிறது. பாலம் இல்லை, பாடை இல்லை. அப்புறம் வேட்பாளர் கண்ணைத் துடைக்கிறார். மறைந்த அவர்கள் தலைவரை நினைத்துத் தாய்மார்கள் கதறியதாகவும், அதைக் கண்டு வேட்பாளரே கண் கலங்கியதாகவும் கீழே ஓடுகிறது. புகழ்ந்து ஆரம்பிப்பது எங்கள் முறை. நேராகக் குறையிலிருந்து ஆரம்பித்திருந்தால் அவர்களால் வெட்டி எடுக்க முடிந்திருக்காது. அழுகையில்கூட முறை தவறத் தெரியாத எங்கள் புத்தி, அவர்களுக்குச் செலவில்லாத விளம்பரமாகப் போய்விட்டது.

மதினி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கவிதா போனைப் பிடுங்க வேண்டியிருந்தது. "ஓட்ட எடுத்துக்கிட்டாக, சரி. ஒழப்ப எடுத்துக்கிட்டாக, சரி. அழுகையையும் எடுத்துக்கிட்டாகளே மதினி. இனி எனக்கு எதுடி மிச்சம்?" என்றாள். வாழ்நாளில் அவள் என்னை 'டி' போட்டது அந்த ஒரு தடவைதான். வாசலில் நின்ற கொடிக்கம்பத்தை அன்றே பிடுங்கிக் கொல்லையில் பீர்க்கங்கொடிக்கு ஊன்றினாள்.

அந்த வேட்பாளர் தோற்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை, அடுத்த பொங்கலுக்குள் என் கட்சி மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்றேன். என்னைப் பார்த்ததும், "இந்த அம்மா நம்ம கட்சிதானா? ஒரு தடவ எனக்காக அழுதாக" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் கைதட்டியது. நான் வீட்டுக்கு வந்து உறுப்பினர் அட்டையை அடுப்பில் போட்டேன். அதற்கப்புறம் ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை, யாருக்கும் மைக் பிடிக்கவில்லை.

நான் கோபக்காரி, கத்தித் தீர்த்துக்கொண்டேன். மதினி கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தக் கேதத்திலும் பாடவில்லை. வருவாள், உட்காருவாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். கடைசித் தேர்தலில் வரிசையில் வந்து என் பின்னால்தான் நின்றாள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். சாயங்காலம் விரலைக் காட்டினாள், மை இல்லை. "யாருக்குப் போடட்டும், நீயே சொல்லு" என்றாள். புதிதாக வந்திருக்கிற கட்சிக்காரர்களைப் பற்றிக் கவிதா ஏதோ சொல்லப்போனாள். "அவுகளையும் ஒருநா தண்ணி ஓடுறப்ப வாய்க்கால்ல எறங்கிப் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். ஆனியில் வந்த நாலு நாள் காய்ச்சலில் போகிற உடம்பு இல்லை அது. வைராக்கியம் போனதால் போன உடம்பு என்று நான் நினைக்கிறேன். டாக்டர் வேறு சொல்லலாம், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் தேனியிலிருந்து வந்து சேர்ந்தபோது மதினியைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி முதல் அடியை எடுத்தாள். வாசலில் ஒருவன் சும்மா நேரம் பார்க்கத்தான் செல்போனை எடுத்தான். உடனே அவள் நிறுத்திவிட்டாள். பிறகு ஒருத்தியும் எடுக்கவில்லை. எத்தனையோ பேருக்குப் பாடி அழுதவளுக்கு அவள் வீட்டில் ஒரு வரி இல்லை. நான் எடுக்கப் பார்த்தேன், கண் அந்தச் செல்போனுக்கே போனது. மதினி, உனக்கு ஒரு வரி பாட முடியவில்லையே என்னால்.

மத்தியானம் ஒன்றியம் வந்தார். பெரிய மாலை, மடித்த கட்சிக் கொடி, கூடவே கேமராக்காரன். கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டார், நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "அம்மா கட்சிக்கு ஒழச்சவுக. கட்சி மரியாத செய்யணும். கொடி போத்தி நாலு போட்டோ எடுத்துக்கிறோம். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத, மேல ஒரு போன் போட்டா ஷட்டர எறக்கிருவாக. ரெண்டு மணி நேரத்துல தண்ணி வடிஞ்சிரும். அம்மா நனையாமப் போகலாம்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒரு போன்ல எறங்குற ஷட்டராய்யா அது? அப்ப இவ புருசன் மெதந்து போனப்ப உங்க போனு எங்கன இருந்துச்சு? இத்தன பேரக் கழுத்தளவு தண்ணியில தூக்கிட்டுப் போனமே, அப்பல்லாம் எங்கன இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அப்பாவ அப்படிப் பாத்தேன். அம்மாவையும் அப்படிப் பாக்க என்னால முடியாது. கொடிதான, கெடந்துட்டுப் போகட்டும். அம்மா நனையாமப் போகட்டும்" என்றாள். பெற்ற மகள் சொல்கிறாள், நான் யார் குறுக்கே விழ?

கொடியைப் போர்த்தினார்கள். தன் வாசலில் இருந்து பிடுங்கி எறிந்தவள்மேல் மறுபடி அதே கொடி. ஒன்றியம் தலைமாட்டில் கைகட்டி நின்றார், கேமராக்காரன் எடுத்தான். போனில் யாரிடமோ பேசினார். "சொல்லிட்டேன். இப்ப எறக்கிருவாக" என்றார். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம், தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.

நாங்கள் மதினியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம், அன்று ஒருத்தியும் நிற்கவில்லை. பாடையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வடிகிறதா, வடிகிறதா என்று கவிதா கரைக்கல்லையே பார்த்தாள். "கொஞ்சம் எறங்குன மாதிரி இல்ல அத்தை?" என்று கேட்டாள். இல்லை. ஒன்றியத்துக்குப் போன் போட்டோம். முதலில் மணி அடித்தது, அப்புறம் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. ஷட்டர் பார்க்கிற லஸ்கரிடம் ஆள் அனுப்பினோம். "எனக்கு யாரும் சொல்லலியே" என்றாராம், பாவம். அவர் மேல் என்ன தப்பு? பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் மதினி கொடிக்குள் கிடந்தாள். தண்ணீர் ஓர் இஞ்சு இறங்கவில்லை.

செத்தவளை வைத்துக்கூட எங்களை ஏமாற்ற முடிந்தது. இத்தனையும் தெரிந்த நாங்கள், இத்தனையும் பட்ட நாங்கள், அன்றைக்கும் நம்பி உட்கார்ந்திருந்தோம். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவிதாதான் எழுந்து போய்க் கொடியை உருவிப் போட்டாள். "தூக்குங்க மாமா" என்றாள். ஆண்கள் இறங்கினார்கள். இருபக்கமும் கயிறு பிடித்தார்கள். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. நடுவில் ஒரு பக்கம் தாழ்ந்தது. மதினி கால்மாட்டுச் சேலை தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போனது. கவிதா ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடாமல் முழுசாகப் பார்த்தாள். நனைந்துதான் போனாள் மதினி. ஆனால் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையில் தெருமுனையில் பெரிய பிளக்ஸ் நின்றது. மேலே தலைவர்கள், பக்கத்தில் கைகூப்பிய ஒன்றியம், ஓரத்தில் மதினி. கொடி போர்த்துக் கிடந்த படத்தையும் போட்டிருந்தார்கள். வீரத்தாய் என்று எழுதியிருந்தது. கிழித்து எறியத்தான் அரிவாளோடு போனேன். கவிதா தடுத்துவிட்டாள். "அம்மா மூஞ்சி இருக்கு அத்தை" என்றாள்.

மதினிக்குக் காரியம் முடிவதற்குள் மேலத்தெரு மூக்கையா மாமா இறந்துபோனார். வாய்க்காலில் அதே தண்ணீர். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கவிதா ஒன்றும் பேசாமல் தெருமுனைக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். இருவருமாகக் கட்டுக் கம்பியை அறுத்து அந்தப் பிளக்ஸை இறக்கினோம். மாமாவைச் சுற்றிக் கட்டக் கொடுத்தோம். "படம் உள்பக்கம் இருக்கட்டும். அம்மா மூஞ்சி நனைய வேணாம்" என்று மட்டும் கவிதா சொன்னாள். அன்றைக்கும் பாடை ஒரு பக்கம் தாழ்ந்தது. ஆனால் மாமாமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. இத்தனை வருசத்தில் இந்தக் கட்சிகள் எங்கள் பிணங்களுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

தங்கத்தாயை அறிந்தவர்களே, அவள் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறாய் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்தப் பிளக்ஸை வைத்திருக்கிறேன். அக்கரையில் மாமாவை இறக்கியதும் அவிழ்த்து வாங்கி, கழுவிக் காயவைத்து, மடித்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டாம் போகம் முடிகிற வரைக்கும் தண்ணீர் ஓடும். உங்கள் வீட்டில் கேதம் விழுந்தால் எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்டுங்கள், எடுத்துத் தருகிறேன். காரியம் முடிந்ததும் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்கு வேண்டும்.